சொல்லிக் கொடுக்க முடியாத சாவி: பாஸ்கீ, இருபடிச் சரிபார்ப்பு குறித்து ஒரு பயனரின் மதிப்பீடு

மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் என் அப்பாவின் கூகுள் கணக்கையும் என் சொந்தக் கணக்குகளையும் பாஸ்கீக்கு மாற்றி, கூடவே இரண்டு யூபிகீ வன்பொருள் சாவிகளையும் வாங்கிச் சேர்த்து, அன்றாடம் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கடவுச்சொல்லுக்குப் பதிலாக, போனின் கைரேகை, முகம் அல்லது பின் எண்ணைக் கொண்டு கணக்கைத் திறக்கும் டிஜிட்டல் சாவிதான் பாஸ்கீ. அதே வேலையைச் செய்யும், கணினியில் செருகும் சிறு கருவி வன்பொருள் சாவி; யூபிகீ அதில் ஒரு வகை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்நுழையும் வழி என்று பார்த்தால், சாதாரண மனிதருக்கு இன்று கிடைப்பவற்றில் பாஸ்கீயை விஞ்சியது எதுவும் இல்லை. ஆனால் பாஸ்கீயைச் சேர்த்துவிட்டுப் பழைய கடவுச்சொல்லையும், இரண்டாம் படியாக எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி எண் பெறும் வழியையும் அப்படியே விட்டுவைத்தால், நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வசதி மட்டும்தான். போன் தொலைந்துபோன நாளில் கணக்கை எப்படி மீட்பீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்த ஏற்பாட்டின் தரம் அமைகிறது. ஆகவே அந்தக் கேள்வியை வைத்தே இதை மதிப்பிட்டிருக்கிறேன்.

இந்த மாற்றத்தில் நான் இறங்கியதற்குக் காரணம் அப்பாவுக்கு வரும் அழைப்புகள். "கேஒய்சி காலாவதியாகிவிட்டது, மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும்" என்று வங்கியின் பெயரில் ஒருவர் பேசுவார். "போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மின் வாரியத்தின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி வரும். யார் பேசினாலும், எதைச் சொல்லி ஆரம்பித்தாலும், பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "உங்க போனுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் வந்திருக்கும் சார், அதை மட்டும் சொல்லுங்க." பணிக்காலம் முழுவதும் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுப்பாகப் பதில் சொல்லிப் பழகிய ஒருவரிடம், மரியாதையாகக் கேட்கும் குரலுக்குப் பதில் சொல்லாதீர்கள் என்று எத்தனை முறை எச்சரித்தாலும், ஏதோ ஒரு நாள் அந்த எச்சரிக்கை நினைவுக்கு வராமல் போய்விடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. பாஸ்கீயின் பெருமதிப்பு இங்கேதான் இருக்கிறது. அதில் சொல்லிக் கொடுப்பதற்கு எதுவுமே இல்லை. திரையில் எந்த எண்ணும் வராது. மனப்பாடம் செய்ய ஒரு சொல்லும் கிடையாது. எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும், அப்பாவிடமிருந்து வாய்மொழியாக வாங்கிக்கொள்ளக் கூடியது ஒன்றும் இல்லை.

இதனால் ஓடிபி பயனற்றது என்று சொல்ல வரவில்லை. கார்டு எண்ணை மட்டும் கொடுத்து இணையத்தில் பொருள் வாங்க முடிந்த காலத்தில், கூடுதலாக ஒரு சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் நடைமுறைப்படுத்தியது. பல நாடுகள் அதைப் பற்றி யோசிக்காமலிருந்த காலம் அது. கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீட்பு எண்ணுக்கு எஸ்எம்எஸ் குறியீடு அனுப்பும் ஏற்பாடு, தானியங்கி நிரல்களின் முயற்சிகளை முழுமையாகவும், போலிப் பக்கம் காட்டி விவரம் பறிக்க, கூட்டாகப் பலருக்கும் வீசப்படும் ஃபிஷிங் தாக்குதல்களில் 96 சதவீதத்தையும், ஒருவரைக் குறிவைத்து நடத்தப்படும் தாக்குதல்களில் 76 சதவீதத்தையும் தடுத்தது. கடவுச்சொல்லை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஓடிபியை நீக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன். அதே ஆய்வில் வன்பொருள் சாவி மூன்று வகைத் தாக்குதல்களையும் நூறு சதவீதம் தடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எஸ்எம்எஸ் தோற்ற அந்த மீதி 24 சதவீதத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால், நம் ஊரில் தினம் கேள்விப்படும் கதைகள்தான் நினைவுக்கு வருகின்றன. போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அவருக்குத்தான் போகும். போக்குவரத்து அபராத ரசீது என்றும் திருமண அழைப்பிதழ் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவிவிட்டால், உள்ளே இருக்கும் நிரல் குறுஞ்செய்திகளைப் படித்து வெளியே அனுப்பிவிடும். போலித் தளத்தில் நீங்கள் தட்டச்சு செய்யும் ஓடிபியை, அது காலாவதியாவதற்குள் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைவதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. இந்தக் கடைசி முறையின் முன்னால், முப்பது நொடிக்கு ஒரு முறை எண்ணை மாற்றும் ஆதென்டிகேட்டர் செயலியும் தோற்றுத்தான் போகும், ஏனென்றால் முப்பது நொடி அவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

பண இழப்பு என்று வரும்போது இதில் இன்னொரு கடுமையான பக்கம் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் கிடையாது. ஆனால் ரகசிய விவரங்களைத் தானே பகிர்ந்துகொண்டதால் நடந்தது என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் முழுவதும் வாடிக்கையாளரையே சேரும். ஓடிபியை வாயால் சொன்ன ஒரே காரணத்தால் ஒரு முதியவரின் சேமிப்பு திரும்ப வராமல் போக முடியும் என்பதே இதன் பொருள். மோசடி நடந்தவுடன் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும், வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பாஸ்கீ எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தளத்தில் பாஸ்கீயை உருவாக்கும்போது போன் ஒரு ஜோடிச் சாவியைத் தயாரிக்கிறது. பொதுச்சாவி தளத்துக்குப் போகிறது. தனிச்சாவி தளத்துக்கு ஒருபோதும் போவதில்லை. உள்நுழையும்போது தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சவாலை (ஒரு முறை மட்டும் பயன்படும் தரவை) அனுப்ப, போன் தனிச்சாவியால் அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. இதில் முக்கியமானது, அந்தச் சாவி எந்த இணைய முகவரிக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரியோடு பிணைந்திருக்கிறது என்பதுதான். ஒரே ஒரு எழுத்தை மாற்றி, அச்சு அசலாக அதே தோற்றத்தில் செய்யப்பட்ட போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றலாம். உலாவியை ஏமாற்ற முடியாது. அந்த முகவரிக்குரிய சாவி இல்லை என்று அது பேசாமல் இருந்துவிடும். 2022 ஜூலையில், இணையப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாகப் போலி உள்நுழைவுப் பக்கம் அனுப்பப்பட்டபோது, மூன்று பேர் தங்கள் கடவுச்சொல்லை அதில் தட்டச்சு செய்தும் தாக்குதல் உள்ளே வர முடியாமல் போனதற்குக் காரணம், இதே அடிப்படையில் இயங்கும் வன்பொருள் சாவியை அந்த நிறுவனம் எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயமாக்கியிருந்ததுதான். அதே பாணித் தாக்குதலில் அதே சமயத்தில், குறுஞ்செய்திச் சேவை தரும் ட்விலியோ நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்தது. கணினியே தொழிலாகக் கொண்டவர்களே ஏமாறும் அளவுக்கு அந்தப் பக்கங்கள் இருந்தன என்னும்போது, கவனமாக இருங்கள் என்ற அறிவுரையை மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது.

அப்பாவின் போனில் இதை அமைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்விதான்: "என் கைரேகை இவங்க கம்பெனிக்குப் போயிடாதாப்பா?" போகாது. கைரேகையோ முகமோ போனுக்குள்ளேயே ஒப்பிடப்பட்டு, தனிச்சாவியைப் பயன்படுத்த அனுமதி தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது; தளத்துக்குப் போவது கையொப்பம் மட்டுமே. அவருக்கு இந்தப் பதில் திருப்தி தந்தது. எனக்குத்தான் அடுத்த நிமிடமே வேறொரு கவலை வந்தது. அப்பாவின் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கட்டைவிரலை வைத்தார், திரை அதிர்ந்து மறுத்தது. ஈரத்தைத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், மறுபடியும் மறுத்தது. உடனே போன் தானாகவே பின் எண்ணைக் கேட்டது. அவர் தன் பிறந்த ஆண்டை அழுத்தினார், பாஸ்கீ உருவாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாஸ்கீயின் கணிதம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், போனின் திரைப்பூட்டு எவ்வளவு வலுவானதோ அவ்வளவுதான் அதன் வலிமை. நம் வீடுகளில் போனின் பின் எண் ரகசியமாக இருப்பதில்லை. பேரன் விளையாடத் திறப்பான். ரீசார்ஜ் செய்யக் கொடுத்தால் கடைப் பையனிடம் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். மின்சார ரயிலில் கூட்டத்தோடு நின்றபடி அழுத்தும்போது பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிட முடியும். பின் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு போனைப் பறிக்கும் திருட்டுகள் வெளிநாடுகளில் பெருகியதையடுத்து, ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 பதிப்பில் திருடப்பட்ட சாதனத்துக்கான பாதுகாப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதை இயக்கிவிட்டால், வழக்கமான இடங்களுக்கு வெளியே பாஸ்கீயைப் பயன்படுத்த முகமோ கைரேகையோ கட்டாயம். பின் எண் செல்லாது. ஆண்ட்ராய்டிலும் இதையொத்த அடையாளச் சரிபார்ப்பு வசதி 2025இல் சில போன்களுக்கு வந்தது. ஆனால் விரல் ரேகை தேய்ந்த ஒருவருக்கு இந்த வசதி அவரையே வெளியே நிறுத்திவிடக் கூடும். ஆகவே அப்பாவின் போனில் பின் எண்ணை ஆறு இலக்கமாக, யாருடைய பிறந்த நாளோ வண்டி எண்ணோ அல்லாததாக மாற்றி, இது வீட்டில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்று சொல்லிவைத்தேன். பாஸ்கீ அமைக்க ஆன நேரத்தைவிட இந்தப் பேச்சுக்குத்தான் அதிக நேரம் ஆனது. அதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் அன்று செய்த வேலைகளில் மிக முக்கியமானது அதுதான்.

போன் தொலைந்தால் என்ன செய்வது என்பது இரண்டாவது கேள்வி. கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் சேமிப்பு வசதிகளான கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரிலோ ஐகிளவுட் கீசெயினிலோ வைக்கப்படும் பாஸ்கீகள் முனைக்கு முனை குறியாக்கத்தோடு (அந்த நிறுவனமும் படிக்க முடியாதபடி) இணையச் சேமிப்பான மேகக் கணினியில் ஒத்திசைக்கப்படுவதால், புதிய போனில் கணக்கைச் சேர்த்து, பழைய போனின் திரைப்பூட்டு எண்ணையோ அதற்கென்று வைத்த பின் எண்ணையோ கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாஸ்கீகள் சேமிக்கப்பட்டிருக்கும் கூகுள் கணக்கையே திறக்கும் சாவியும் அவற்றில் ஒன்றாக இருந்தால் நிலைமை வேறு. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பதைப் போன்றது அது. கையில் இருந்தது ஒரே ஒரு போன், அதுவும் போய்விட்டது என்றால், கணக்குக்குள் நுழைய வேறொரு வழி வேண்டும். பெரும்பாலோர் அந்த வேறு வழியாக வைத்திருப்பது எஸ்எம்எஸ் ஓடிபியைத்தான்.

அந்த நேரத்தில் அதுவும் கைகொடுக்காமல் போகலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. மாற்று சிம் மோசடியைத் தடுப்பதற்காகத் தொலைத்தொடர்புத் துறை 2022இல் பிறப்பித்த உத்தரவின்படி, புதிய சிம் இயக்கத்துக்கு வந்த முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் குறுஞ்செய்திகள் நிறுத்திவைக்கப்படும். நல்ல விதிதான், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் தாம்பரம் வண்டியில் போனைப் பறிகொடுத்துவிட்டு, ஆதார் அட்டையோடு போய் மாற்று சிம் வாங்கி வந்து, வங்கிக் கணக்கை உடனே முடக்க வேண்டும், மின்னஞ்சலை உடனே மீட்க வேண்டும் என்று தவிக்கும் ஒருவருக்கு, ஓடிபியையே நம்பியிருந்தால் அந்த ஒரு நாள் முழுவதும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இயற்கைச் சீற்றத்தின்போதும் இதே நிலைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. பக்கத்து வீட்டில் எப்படியோ வைஃபை கிடைத்தாலும் குறுஞ்செய்தி வந்து சேராது. ஆதென்டிகேட்டர் செயலி சிக்னல் இல்லாமலே எண்ணைக் காட்டும். பாஸ்கீக்கு எந்த வழியிலாவது இணையம் கிடைத்தால் போதும். வெள்ளமும் புயலும் வந்துபோகும் நம் ஊரில் வாழ்பவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருந்துகொண்டு, ஓடிபிக்காக மட்டும் இந்திய சிம்மை உயிரோடு வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது நன்றாகத் தெரியும்.

இதற்கு என்னிடம் உள்ள தீர்வு மிகப் பழைய பொருளான காகிதம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பத்து காப்புக் குறியீடுகளைப் பெறலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அவற்றைத் தாளில் எழுதி, ஒரு பிரதியை எங்கள் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவிலும் இன்னொன்றை வேறு வீட்டில் இருக்கும் அக்காவிடமும் வைத்திருக்கிறோம். போனில் புகைப்படம் எடுத்து வைக்கவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பவும் இல்லை. இந்தத் தாள் இல்லாமல் பாஸ்கீக்கு மாறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது தீர்வு வன்பொருள் சாவி. நான் வாங்கியது யூபிகீ 5 வரிசையில் யுஎஸ்பி-சி முனையும், போனருகே வைத்தால் இணையும் என்எஃப்சி வசதியும் உள்ள மாதிரி. கட்டைவிரல் அளவு, கறுப்பு நிறம், மின்கலம் கிடையாது. நடுவில் தங்க நிறத்தில் ஒரு வட்டம், தொட வேண்டிய நேரத்தில் அது பச்சையாக மினுக்கும். மடிக்கணினியில் செருகி, சாவியின் பின் எண்ணைக் கொடுத்து, வட்டத்தைத் தொட்டால் உள்நுழைவு முடிந்தது. போனின் பின்புறம் வைத்தும் பயன்படுத்தலாம். தடித்த உறை போட்ட போனில் சரியான இடத்தைத் தேடி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின் எண்ணைத் தொடர்ந்து எட்டு முறை தவறாகக் கொடுத்தால் சாவி பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும். யாராவது சாவியைத் திருடினாலும் எண்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்க முடியாது என்பதால் இது எனக்குப் பிடித்திருக்கிறது. மேகக் கணினியோடு ஒத்திசைவு இல்லாததால், எந்த நிறுவனத்தையும் நம்பி சாவியை ஒப்படைக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம். அதனாலேயே, ஒன்று மட்டும் வாங்கினால் அது தொலைந்த நாளில் எல்லாம் போய்விடும். இரண்டாகத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் என்னும்போது, நடுத்தரக் குடும்பத்துக்கு இது யோசிக்க வேண்டிய செலவுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2024 செப்டம்பரில் பிரான்சின் நிஞ்சாலேப் ஆய்வாளர்கள், யூபிகீயின் உள்ளே இருக்கும் இன்ஃபினியன் சில்லின் குறியாக்க நூலகத்தில் (ரகசியச் சாவிக் கணக்கைச் செய்யும் நிரல் தொகுப்பில்) ஒரு குறையைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்த சாவி நேரடியாகக் கைக்குக் கிடைக்க வேண்டும், விலையுயர்ந்த கருவிகள் வேண்டும், ஆழ்ந்த நிபுணத்துவமும் வேண்டும் என்பதால் சாதாரணப் பயனர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சாவிகளில் உள்நிரலை (உள்ளே பதிந்த மென்பொருளை) புதுப்பிக்க முடியாது, குறை நீக்கப்பட்ட 5.7 பதிப்புக்கு முந்தைய உள்நிரலோடு வந்தவை என்றைக்கும் அப்படியேதான் இருக்கும். 5.7 உள்ளவற்றில் நூறு பாஸ்கீகள் வரை சேமிக்கலாம், முந்தையவற்றில் இருபத்தைந்துதான். ஆகவே பழைய இருப்பைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்று வாங்க வேண்டாம். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் சுற்றினால் யுஎஸ்பி முனை கொண்ட எந்தப் பொருளும் கிடைக்கும், நானும் அங்கே வாங்குபவன்தான். ஆனால் இந்த ஒரு பொருளை மட்டும் உறை பிரிக்கப்படாததாக, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். சாவி அசல்தானா என்பதை யூபிகோவின் தளத்தில் செருகிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்கீ எனக்கு முழுமையாகக் கைகொடுக்காத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில், மின்னஞ்சலில் வந்த ஒரு படிவத்தை அச்செடுக்க வேண்டியிருந்தது. வேறொரு கணினியில் நம் போனின் பாஸ்கீயைப் பயன்படுத்த, திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைப் போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். போனும் கணினியும் அருகருகே இருக்கின்றன என்பதை உறுதிசெய்ய இரண்டிலும் ப்ளூடூத் இயங்க வேண்டும். தொலைவில் இருக்கும் ஒருவர் கியூஆர் குறியீட்டை அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அந்தக் கடையின் பழைய மேசைக் கணினியில் ப்ளூடூத்தே இல்லை. உடனே உள்நுழைவுப் பக்கம், "வேறு வழியை முயலவும்" என்று காட்டி, கடவுச்சொல்லைக் கேட்டது. யார் யாரோ பென்டிரைவ் செருகிய அந்தக் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய எனக்கு மனமில்லை; கோப்பைப் போனிலேயே இறக்கிக் கடைக்காரருக்கு அனுப்பி அச்செடுத்துக்கொண்டேன். வரிசையில் நிற்கும் எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவசரத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவார்கள், பாஸ்கீ வைத்திருப்பதன் பலன் அந்தக் கணமே போய்விடும்.

பாஸ்கீயைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறையும் இதுவே. இப்போது பெரும்பாலான தளங்கள் பாஸ்கீயை இன்னொரு வழியாகச் சேர்க்கின்றனவே ஒழிய, பழைய வழிகளை அகற்றுவதில்லை. தாக்குபவர் வலுவான வழியை உடைக்க முயல மாட்டார். "பாஸ்கீ வேலை செய்யவில்லை" என்ற பொத்தானை அழுத்திப் பழைய வழிக்கு வந்துவிடுவார். கூகுளில் இதற்கு உரிய பதில், 2017 முதல் இருக்கும் மேம்பட்ட பாதுகாப்புத் திட்டம். அதில் சேர்ந்துவிட்டால் கடவுச்சொல்லும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் போதாது. பாஸ்கீயோ வன்பொருள் சாவியோ இல்லாமல் நுழைய முடியாது. முதலில் இரண்டு வன்பொருள் சாவிகள் கட்டாயமாக இருந்தது. 2024 ஜூலை முதல் பாஸ்கீயை வைத்தும் சேரலாம். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டால் மீட்கச் சில நாட்கள் ஆகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதில் சேர வேண்டும். நான் என் கணக்கைச் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் என் மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல் மீட்பும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. அப்பாவின் கணக்கைச் சேர்க்கவில்லை. அவர் கணக்கிலிருந்து இரண்டாம் படியாக இருந்த எஸ்எம்எஸ் எண்ணை மட்டும் நீக்கிவிட்டு, ஒரு வன்பொருள் சாவியைப் பதிவுசெய்து என்னிடம் வைத்திருக்கிறேன்.

பாஸ்கீயால் தடுக்க முடியாதவற்றையும் மறைக்கக் கூடாது. உள்நுழைந்த பிறகு உலாவியில் தங்கும் அமர்வுக் குக்கீயை (நீங்கள் ஏற்கெனவே நுழைந்துவிட்டீர்கள் என்று தளத்துக்குச் சொல்லும் அடையாளத்தை) திருடும் நிரல் கணினியில் புகுந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு வலுவான வழியில் நுழைந்தீர்கள் என்பது பொருட்டல்ல. கிராக் செய்த மென்பொருளை இறக்கிப் பயன்படுத்துபவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, யுபிஐ பின் எண்ணை நம் கையாலேயே போடவைக்கும் மோசடியிலும் பாஸ்கீக்கு வேலை இல்லை. போன் மாற்றுவதிலும் சிக்கல் உண்டு: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர் பாஸ்கீகளைக் கையோடு எடுத்துச் செல்வதற்கான பொது விதிமுறையின் வரைவை, பாஸ்கீக்கான தரங்களை வகுக்கும் ஃபிடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் வெளியிட்டது. அது எல்லாப் போன்களிலும் பரவும் வரை, தளம் தளமாகப் புதிதாகப் பதிவுசெய்துகொள்வதே நம்பகமான வழி.

வங்கிகளைப் பொறுத்தவரை என் அனுபவம் ஏமாற்றமே. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிகளில் எதிலும் நெட்பேங்கிங்குக்குப் பாஸ்கீ இல்லை, வன்பொருள் சாவியும் செல்லாது, இன்னும் எஸ்எம்எஸ்தான். ஒரு கிளையில் இதைப் பற்றி விசாரித்தபோது, ஓடிபி இருக்கும்போது இது எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவித்த விதிகள், இரண்டு தனித்தனிச் சரிபார்ப்புகளைக் கட்டாயமாக்கியதோடு எஸ்எம்எஸ் அல்லாத வழிகளுக்கும் இடம் தருகின்றன. விதிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையில் இழப்பு ஏற்பட்டால் முழுத் தொகையையும் வாடிக்கையாளருக்கு ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. எஸ்எம்எஸ் ஓடிபி தடைசெய்யப்படவில்லை. ஆகவே கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வங்கிகள் நகரும். உங்கள் கிளையிலும் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

யாருக்கு எது பொருந்தும் என்று கேட்டால், ஆண்ட்ராய்டு 9 அல்லது ஐஓஎஸ் 16, இல்லையேல் அவற்றுக்குப் பிந்தைய பதிப்புள்ள போன் வைத்திருக்கும் எவரும் தங்கள் முதன்மை மின்னஞ்சலுக்குப் பாஸ்கீயை உருவாக்கிக்கொள்ளலாம். செலவு எதுவும் இல்லை. 2023 முதல் வாட்ஸ்அப்பும் இதை ஏற்றுக்கொள்கிறது. தொழில் நடத்துபவர்கள், தணிக்கையாளர்கள், பத்திரிகையாளர்கள், பிறருடைய ஆவணங்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இரண்டு வன்பொருள் சாவிகள் கொடுத்த விலைக்குத் தகுந்தவை. என் அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 8இல் நின்றுவிட்டது, அதில் பாஸ்கீ வேலை செய்யாது. புதிய போன் வாங்கும் வரை அவர் கணக்கில் நீளமான கடவுச்சொல்லும் ஆதென்டிகேட்டர் செயலியும் வைத்து, காப்புக் குறியீடுகள் எழுதிய தாளை அப்பாவின் தாளோடு அதே பீரோவில் சேர்த்து வைத்திருக்கிறேன்.